இன்றைக்கு யாருடைய முறை?

பிலடெல்பியாவிலிருந்து மேற்குப் பக்கமாகப் போகும் புறநகர் ரயிலில் ஏறினால் அரை மணி நேரத்துக்குள் பிரின் மார் வந்துவிடுகிறது. நிலையத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில், 1885இல் தொடங்கிய ஒரு பெண்கள் கல்லூரி, சாம்பல் நிறக் கற்கட்டடங்களாக மரங்களுக்கு நடுவே நிற்கிறது. பிலடெல்பியாவில் படிக்கும் என் பெறாமகளைப் பார்க்க ரொறன்ரோவிலிருந்து போயிருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவள்தான் என்னை அங்கே கூட்டிப்போனாள்.

பழைய நூலகத்தின் நடுவில் கூரையில்லாத ஒரு சதுர முற்றம் இருக்கிறது. நான்கு பக்கமும் வளைவுகள் வைத்த தாழ்வாரம். எங்களூர் நாற்சார் வீடொன்றை யாரோ கல்லில் பெரிதாக்கிக் கட்டியதுபோல எனக்குப் பட்டது. முற்றத்தின் தரையில், பின்னல் பின்னியதுபோல ஒன்றன்மேல் ஒன்று வளைந்து போகும் ஒரு நடைபாதை. குனிந்து பார்த்தேன். சில கற்களில் பெயர்கள் பொறித்திருந்தன.

“இவையெல்லாம் இங்க படிச்சவையோ?” என்று கேட்டேன்.

“இல்லை பெரியம்மா. இங்க படிச்சவைக்குக் கட்டில் விரிச்சவை.”

நெகிஷா டுரெட் என்ற கலைஞர் செய்த நினைவுச் சின்னம் அது. 2025இல் திறக்கப்பட்டது. என்னை நினைக்க மறந்துவிடாதே என்பதுபோலப் பொருள்படும் பெயரை அதற்கு வைத்திருக்கிறார்கள். 20ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டுகளில் அந்தக் கல்லூரியில் பணிப்பெண்களாகவும் எடுபிடி ஆட்களாகவும் வேலை செய்த இருநூறுக்கும் மேற்பட்ட கறுப்பின மக்களின் பெயர்கள் அந்தக் கற்களில் இருக்கின்றன.

ரொறன்ரோ திரும்பிய பின்னும் அவள் சொன்ன பதில் என்னை விடவில்லை. ஒருவர் படிக்கும் நேரத்தை இன்னொருவர் தன் கை உழைப்பால் உண்டாக்கிக் கொடுக்கிறார் என்றால், படித்தவர் அவருக்கு என்ன கடன்பட்டிருக்கிறார்? பணிக்குச் சம்பளம் கொடுத்தாயிற்றே, கணக்குத் தீர்ந்தது என்று சொல்லலாமா? அந்தக் கல்லூரியின் அன்றாட வாழ்வை வைத்தே இதை யோசித்துப் பார்க்க விரும்புகிறேன்.

1910ஆம் ஆண்டளவில் பிரின் மாரில் படித்த ஒரு மாணவியின் நாளை எடுத்துக்கொள்வோம். கல்லூரியே நடத்திய கடினமான நுழைவுத் தேர்வில் தேறி வந்தவள் அவள். காலையில் உணவு மண்டபத்துக்குப் போனால் மேசையில் சாப்பாடு இருக்கும். கறுப்பு அங்கியை மாட்டிக்கொண்டு விரிவுரைக்குப் போவாள். கடைசி ஆண்டில் பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் ஒரு பகுதியைக் கையில் கொடுத்து, அங்கேயே மொழிபெயர்க்கச் சொல்லும் வாய்மொழித் தேர்வு காத்திருக்கும். அதற்கு நடுங்காதவர்கள் குறைவு. பிற்பகலில் ஹொக்கி. அந்த ஆட்டத்தை இங்கிலாந்திலிருந்து அமெரிக்கப் பெண்கள் கல்லூரிகளுக்குக் கொண்டுவந்த கான்ஸ்டன்ஸ் ஆப்பிள்பீ 1904 முதல் அங்கேயே பயிற்றுவித்தார். பிறகு தேநீர். விடுதிக்கான ஒழுங்குகளை மாணவிகளே வகுத்து மாணவிகளே நடைமுறைப்படுத்தினார்கள். அதற்கென 1892இலேயே ஒரு தன்னாட்சிச் சங்கம் அமைத்திருந்தார்கள்.

இலையுதிர்காலத்தில் ஒரு விளக்கு இரவு வரும். இரண்டாம் ஆண்டு மாணவிகள், புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஆளுக்கொரு விளக்கைக் கையில் கொடுப்பார்கள். கிரேக்க மொழியில் பாடுவார்கள். நான் குனிந்து பெயர் வாசித்த அந்த முற்றம்தான் அந்தச் சடங்கு நடக்கும் இடம். அறிவு ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போவதை இவ்வளவு அழகாகக் காட்டும் சடங்கு அபூர்வம்.

இந்த நாள் முழுவதிலும் அந்த மாணவி ஒரு தும்புத்தடியைக்கூடத் தொடவில்லை. வகுப்பு முடிந்து வரும்போது அறை கூட்டப்பட்டிருக்கும். விரிப்பு மாற்றப்பட்டிருக்கும். சாப்பிட்ட கோப்பை மேசையைவிட்டுத் தானாகவே போனதுபோலப் போயிருக்கும். இவற்றைச் செய்த பெண்களிற் பலர் கறுப்பினப் பெண்கள். அதே விடுதிக் கட்டடங்களில், மாணவிகளின் கண்ணில் படாத மேல்மாடியிலோ நிலவறையிலோ தங்கியிருந்தார்கள்.

இது செல்வச் செழிப்பால் தானாக வந்த பழக்கம் என்று நினைத்தால் தவறு. இதன் பின்னால் ஒரு கொள்கை இருந்தது. 1894 முதல் 1922 வரை அந்தக் கல்லூரியின் தலைவராக இருந்தவர் எம். கேரி தாமஸ். மாணவிகள் வீட்டுவேலை செய்யக்கூடாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார். அவர் தரப்பை நான் இப்படி எடுத்துச் சொல்வேன்: ஹார்வர்டில் படிக்கும் ஓர் இளைஞனிடம் பாத்திரம் கழுவிவிட்டு நூலகத்துக்கு வா என்று யாரும் சொல்வதில்லை. பெண்ணிடம் மட்டும் அதைக் கேட்டால், உன் நேரம் அவன் நேரத்தைவிட மலிவானது என்று முதல் நாளே சொல்லிவிடுகிறோம். பிறகு அதே அளவுகோலால் இருவரையும் எப்படி அளப்பது?

என் தலைமுறைத் தமிழ்ப் பெண்களுக்கு இந்த நியாயத்தை விளக்க வேண்டியதில்லை. அண்ணா படிக்கிறான் என்றால் வீட்டில் வானொலியின் சத்தம் குறையும். தங்கச்சி படிக்கிறாள் என்றால், படித்தது போதும், வந்து வெங்காயம் உரி என்று குசினியிலிருந்து குரல் வரும். தாமஸின் பக்கம் நிற்காமல் இருக்க என்னால் முடியாது.

அவரது வாழ்க்கையும் அந்த நியாயத்துக்கு வலுச்சேர்க்கிறது. கோர்னெல் பல்கலைக்கழகத்தில் 1877இல் பட்டம் பெற்றவர். மேற்படிப்புக்கு ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் அவரைச் சேர்த்துக்கொண்டது, ஆனால் வகுப்பில் இருக்க விடவில்லை. ஜெர்மனிக்குப் போனார். லைப்சிக்கில் படிக்கலாம், ஆனால் பெண்ணுக்குப் பட்டம் கிடையாது. கடைசியில் சுவிற்சர்லாந்தின் சூரிச் நகரில் 1882இல் மிக உயர்ந்த தகுதியுடன் முனைவர் பட்டம் பெற்றார். அடைத்த கதவின் முன் நிற்பது எப்படியிருக்கும் என்பதை நாடு நாடாகப் போய் அறிந்தவர்.

அப்படிப்பட்டவர் என்ன செய்தார்? 1901இல் பிலடெல்பியாவின் பெண்கள் உயர்பள்ளியில் சிறந்து விளங்கிய ஜெஸி ஃபோசெட் என்ற கறுப்பின மாணவி பிரின் மாரில் சேர விரும்பினார். தாமஸ் அவரைச் சேர்த்துக்கொள்ளாமல், கோர்னெலுக்குப் போவதற்குப் பணம் திரட்ட உதவினார். பார்த்தால் உதவிபோலத் தெரியும் மறுப்பு அது. ஃபோசெட் 1905இல் கோர்னெலில் பட்டம் பெற்று, பின்னாளில் ‘த கிரைசிஸ்’ இதழின் இலக்கிய ஆசிரியராகி, ஒரு தலைமுறைக் கறுப்பின எழுத்தாளர்களை அறிமுகப்படுத்தினார். பிரின் மாரில் முதன்முதலாக ஒரு கறுப்பினப் பெண், ஈனிட் குக், பட்டம் பெற்றது 1931இல். அவரும் விடுதியில் தங்க முடியவில்லை. வெளியே தங்கித்தான் படித்தார்.

இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கறுப்பினப் பெண் அந்த விடுதியில் இரவு தங்கக்கூடாது என்பதல்ல விதி. தங்கியிருந்தார்கள், பல ஆண்டுகளாக. கட்டில் விரிப்பவராகத் தங்கலாம், அந்தக் கட்டிலில் படுப்பவராகத் தங்கக்கூடாது என்பதே விதி.

இனி வடக்கே, மசச்சூசெற்ஸ் மாநிலத்துக்குப் போவோம். அங்கே சவுத் ஹாட்லி என்ற சிற்றூரில், பிரின் மாருக்கு அரை நூற்றாண்டு முன்பே, 1837இல், மேரி லயன் என்ற ஆசிரியை தொடங்கிய மவுண்ட் ஹோலியோக் இதே கேள்விக்கு நேரெதிரான விடையைக் கண்டிருந்தது. அங்கே வேலைக்காரர் இல்லை. ஒவ்வொரு மாணவியும் நாளுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் வீட்டுவேலை செய்ய வேண்டும். ரொட்டி சுடுவதற்கு ஒரு குழு, துணி தேய்ப்பதற்கு ஒரு குழு, மேசைக்கு ஒரு குழு. 1847இல் அங்கே சேர்ந்த எமிலி டிக்கின்சனுக்குக் கிடைத்த வேலை கத்திகள். காலையிலும் மதியத்திலும் சாப்பாட்டு மேசைகளிலிருந்து கத்திகளைச் சேர்த்து எடுத்துப்போக வேண்டும், இரவில் கழுவித் துடைக்க வேண்டும். பின்னாளில் அமெரிக்காவின் மாபெரும் கவிகளில் ஒருவராகப்போகும் பதினாறு வயதுப் பெண் கத்தி துடைத்துக்கொண்டிருந்தாள்.

பெண்ணுக்குக் குடும்பப் பாங்கு பழக்கும் ஏற்பாடாக லயன் இதைக் கருதவில்லை. வீட்டுவேலை கற்றுக்கொடுப்பது தாயின் பொறுப்பு, பள்ளியின் பொறுப்பல்ல என்பதே அவர் நிலைப்பாடு. அவருக்கு இருந்தது கட்டணக் கவலை. எல்லாரும் வேலை செய்ததால் சாப்பாடு, தங்குமிடம், படிப்பு எல்லாவற்றுக்கும் சேர்த்து ஆண்டுக்கு 60 டொலருக்குள் அடக்க முடிந்தது. பணக்காரர் அல்லாத விவசாயிகளின் மகள்களும் வந்து படிக்க முடிந்தது. 20ஆம் நூற்றாண்டு பிறந்து, மேரி வூலி அந்தக் கல்லூரியின் தலைவராக இருந்தபோதும், சுருங்கிய அளவில் அந்த வழக்கம் தொடர்ந்தது. முதல் உலகப்போர் நெருங்கிய காலத்தில்தான் அது மறைந்தது. ஆக, 20ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில், ஒரே நாட்டில், ஒரே வயதுப் பெண்கள், ஓரிடத்தில் தங்கள் மேசையைத் தாங்களே துடைத்தார்கள், இன்னோரிடத்தில் துடைக்கவில்லை.

மவுண்ட் ஹோலியோக்கில் நடந்ததற்குத் தமிழில் நல்ல சொல் இருக்கிறது. முறை. இன்றைக்கு உன் முறை, நாளைக்கு என் முறை. இதே சொல்லைத்தான் நீதிக்கும் வைத்திருக்கிறோம்: அரசன் முறை செய்தான் என்றால் நீதி வழங்கினான் என்று பொருள். உறவுக்கும் இதே சொல்தான்: அவர் உனக்கு என்ன முறை என்று கேட்கிறோம். சொல் ஒன்று என்பதால் பொருள் மூன்றும் ஒன்றாகிவிடாது. என்றாலும் இந்த மூன்றையும் ஒரே சொல்லில் வைத்த மொழியைப் பேசுகிறவள் என்பதால், முறை மாற்றிக்கொள்ளாத இடத்தில் உறவும் நீதியும் எவ்வளவு தூரம் இருக்கும் என்று கேட்கத் தோன்றுகிறது.

அப்படியானால் லயன் சரி, தாமஸ் பிழை என்று முடித்துவிடலாமா? அவ்வளவு சுலபமில்லை.

முதலாவது, எல்லா வேலையையும் முறை வைத்துச் செய்ய முடியாது. என் பல்லைப் பிடுங்குபவருடன் நான் முறை மாற்றிக்கொண்டால் இருவருக்கும் நட்டம். ஒருவருக்கு முழு நேரமும் ஓய்வு தேவைப்படும் படிப்புகள் உண்டு. இரண்டாவது, முறை என்பது உள்ளே வந்துவிட்டவர்களுக்கு இடையிலான ஒழுங்கு. வாசலுக்கு வெளியே நிற்பவரைப் பற்றி அந்த அட்டவணை ஒன்றும் சொல்லாது. நாங்கள் எல்லாரும் சமமாகக் கழுவுகிறோம் என்று பெருமைப்பட்டபடியே கதவை இழுத்து மூடிக்கொள்ளவும் முடியும். மூன்றாவது, தாமஸின் கேள்வி அப்படியே நிற்கிறது: ஆண்களின் கல்லூரியில் இல்லாத முறை பெண்களின் கல்லூரியில் மட்டும் ஏன்?

பள்ளியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லுக்கு வேர் கிரேக்கம். அங்கே அதன் பொருள் ஓய்வு நேரம். படிப்பு ஓய்விலிருந்து பிறக்கிறது என்பது கிரேக்கர்களுக்கு வெளிச்சமாகத் தெரிந்திருந்தது. அந்த ஓய்வு எங்கிருந்து வருகிறது என்பதையும் அரிஸ்டோட்டில் மறைக்கவில்லை. தறியின் நாடா தானாகவே ஓடி நெய்யுமானால் எசமானுக்கு அடிமை தேவைப்படாது என்று ‘அரசியல்’ நூலில் எழுதுகிறார். நாடா தானாக ஓடவில்லை, ஆகவே அடிமை வேண்டும் என்ற முடிவு கொடுமையானது. ஆனால் அதில் ஒரு நேர்மை இருக்கிறது. வேலை எங்கோ மறைந்துபோய்விட்டது என்று அவர் பாசாங்கு செய்யவில்லை. அது இன்னொருவர் கைக்குப் போயிருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறார்.

பிரின் மாரின் தவறு எதில் இருக்கிறது என்று யோசித்தபோது எனக்குப் பிடிபட்டது இதுதான். ஒரு பெண் வீட்டுவேலையிலிருந்து விலக்குப் பெற்றுப் படித்ததில் தவறில்லை. அந்த விலக்கு தன் அறிவுக்கும் குலத்துக்கும் இயல்பாகவே உரியது என்று நினைத்ததில் தவறு இருக்கிறது. கட்டில் விரிப்பவர் கட்டில் விரிக்கவே பிறந்தவர் என்று நினைத்தால்தான் அவரை வகுப்பறை வாசலில் நிறுத்த முடியும். ஆகவே சோதித்துப் பார்க்க வேண்டியது, இன்று முறை மாறுகிறதா என்பதை அல்ல. மாற வழி இருக்கிறதா என்பதை. விரித்தவர், அல்லது அவருடைய மகள், நாளைக்கு அங்கே வந்து படிக்க முடியுமா?

தாமஸுக்கு இது முழுவதும் தெரியாமலும் இல்லை. அவர் ஓய்வுபெறும் முன், 1921இல், அவர் முன்வைத்த யோசனையின்படி தொழிற்சாலைப் பெண்களுக்கான கோடைப் பள்ளி அந்த வளாகத்தில் தொடங்கியது. தையல் ஆலைகளிலும் நூற்பாலைகளிலும் வேலை செய்த பெண்கள் எட்டு வாரம் வந்து தங்கிப் பொருளாதாரமும் இலக்கியமும் படித்தார்கள். 1926 முதல் கறுப்பினத் தொழிலாளப் பெண்களும் சேர்க்கப்பட்டார்கள். 1938 வரை அங்கே நடந்தது. பிற கல்லூரிகள் நினைத்தும் பாராத காரியம். தூரத்து ஆலையில் நின்ற பெண்ணை அவரால் மாணவியாகக் கற்பனை செய்ய முடிந்தது. தன் படிக்கட்டைத் துடைத்த பெண்ணை முடியவில்லை. இதை எழுதும்போது அவர்மேல் கோபத்தைவிட ஒரு அச்சமே எனக்கு அதிகம் வருகிறது. தூரத்தில் இருப்பவருக்கு நீதி செய்வது சுலபம் என்பது எனக்கும் பொருந்தும்.

ஏன் பொருந்தும் என்று சொல்ல என் வீட்டுக்கு வர வேண்டும்.

எண்பதுகளின் இறுதியில் நாங்கள் ரொறன்ரோ வந்தோம். அம்மா இரவில் நகரின் நடுவில் இருந்த ஓர் அலுவலகத்தில் துப்புரவு வேலைக்குப் போனார். பின்னேரம் சமைத்துவைத்துவிட்டுத்தான் போவார். நான் சாப்பிட்ட கோப்பையை எடுத்துக்கொண்டு எழும்பினால், தொட்டியை மறித்துக்கொண்டு நிற்பார். “நீ போய்ப் படி பிள்ளை. கோப்பையை நான் கழுவுறன்.” நான் போய்ப் படித்தேன். அந்த அலுவலகத்தில் வேலை செய்த எல்லாருடைய பெயரும் அம்மாவுக்குத் தெரியும். ஒவ்வொரு மேசையிலும் பெயர்ப்பலகை இருந்தது. யார் பிள்ளையின் படம் வைத்திருக்கிறார், யார் மேசைக்குள் இனிப்பு ஒளித்து வைத்திருக்கிறார் என்றெல்லாம் சொல்லுவார். அவர்களில் ஒருவருக்கும் அம்மாவின் பெயர் தெரியாது. அவர்கள் வரும்போது அவர் போய்விட்டிருப்பார்.

பிரின் மார் முற்றத்தில் கற்களை வாசித்தபோது முதலில் என் மனதில் எழுந்தது இந்த நினைவுதான். என் அம்மாவும் இவர்களில் ஒருத்தி என்று நினைத்தேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. புலம்பெயர்ந்தவர்கள் நாங்கள் இந்தக் கதையைச் சொல்லிப் பழகியவர்கள். ஆண்டு விழா மேடைகளில் சொல்கிறோம், பிள்ளைகளின் பல்கலைக்கழக விண்ணப்பங்களில் எழுதுகிறோம். கதையில் நாம் எப்போதும் துடைப்பவரின் பிள்ளைகள்.

இரண்டாவது நினைவு வருவதற்கு அடுத்த வளைவுவரை நடக்க வேண்டியிருந்தது.

யாழ்ப்பாணத்தில் அம்மம்மாவின் வீடும் நாற்சார் வீடுதான். அம்மம்மா மிஷன் விடுதிப் பள்ளியில் படித்தவர். மவுண்ட் ஹோலியோக் பிறப்பதற்கு முன்பே, 1824இல், அமெரிக்க மிஷனரிகள் உடுவிலில் பெண்களுக்கு விடுதிப் பள்ளி தொடங்கிவிட்டார்கள். அந்த வழியில் வந்த பள்ளிகளால்தான் எங்கள் குடும்பத்தில் பெண்கள் எழுத்தறிந்தார்கள். அதைப் பற்றி எங்களுக்குப் பெருமை உண்டு.

அந்த வீட்டின் பின்படலையால் ஒரு பெண் வருவார். நெல் குத்துவார், முற்றம் கூட்டுவார், கிடுகு பின்னுவார். கோப்பை கழுவ அவரை விடவில்லை, ஏனென்றால் குசினிக்குள் அவர் வரக்கூடாது. கிணற்றில் அள்ளக்கூடாது, யாராவது அள்ளி ஊற்ற வேண்டும். அவருக்கென்று ஒரு தகரப் பேணி வேலியோரம் கவிழ்த்து வைத்திருந்தது. அம்மம்மாவின் வயது இருக்கும் அவருக்கு. ஏழெட்டு வயதுப் பிள்ளையான நான் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன், நீ என்று பேசினேன். அவர் அம்மம்மாவை நயினாத்தி என்பார்.

சில நாள்களில் அவருடன் ஒரு பெண்பிள்ளை வருவாள். அவருடைய பேத்தி, என் வயது. ஒருநாள் நான் திண்ணையில் பாடப் புத்தகத்தை விரித்து வைத்திருந்தபோது, படம் பார்க்க வேண்டும் என்று கேட்டாள். திண்ணையிலிருந்தபடியே புத்தகத்தைத் தூக்கித் திருப்பிக் காட்டினேன். அவள் முற்றத்தில் நின்று பார்த்தாள். கீழே இறங்கிப்போய்க் கொடுக்கலாம் என்று எனக்குத் தோன்றவில்லை. மேலே வா என்று கூப்பிடலாம் என்றும் தோன்றவில்லை. யாரும் என்னைத் தடுக்கவுமில்லை. தடுக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

அந்தப் பெண்ணின் பெயர் இன்றும் எனக்கு நினைவிருக்கிறது. அதைக் கூப்பிட்டுத்தான் வேலை சொல்வோம். பேத்தியின் பெயர் நினைவில்லை. அவள் எத்தனையாம் வகுப்புவரை படித்தாள், படித்தாளா என்றுகூட நான் ஒருநாளும் கேட்டதில்லை. போர் வந்தது, எல்லாரும் சிதறினோம், எங்களுக்கு விமானச்சீட்டு கிடைத்தது. என் படிப்புக்கு நேரம் கொடுத்தவர்களின் கணக்கை நான் இத்தனை காலமும் ரொறன்ரோவிலிருந்துதான் தொடங்கியிருக்கிறேன். அம்மாவுக்கு முன்பே, அம்மம்மா புத்தகம் வாசித்த பின்னேரங்களில் நெல் குத்திய கை ஒன்று இருந்தது. கறுப்பினப் பெண்ணை மாணவியாகக் கற்பனை செய்ய முடியாத தாமஸை நான் குற்றம்சாட்டலாம். ஆனால் அந்தத் திண்ணையில் இருந்தது யார்?

அப்போது நீ சின்னப்பிள்ளை என்று என் தங்கை சொல்கிறாள். உண்மை. ஏழு வயதுப் பிள்ளையிடம் குற்றம் இல்லை. ஆனால் கடன் இருக்கிறது. கடனுக்கும் குற்றத்துக்கும் வேறுபாடு உண்டு. தகப்பன் பட்ட கடனுக்கு மகன் குற்றவாளி ஆவதில்லை, ஆனாலும் வீட்டை எடுத்துக்கொண்டவன் கடனையும் எடுத்துக்கொள்கிறான். நான் படிப்பை எடுத்துக்கொண்டேன்.

அந்தக் கடனை எப்படிக் கட்டுவது? எனக்குத் தெரிந்த விடை சிறியது. நன்றி சொல்வது போதாது. நன்றி சொல்லப்படுகிறவர் இருந்த இடத்திலேயே இருக்கலாம், நன்றி சொன்னவரின் மனம் மட்டும் குளிரும். பெயர் பொறிப்பதும் தனியே போதாது. பெயர் தெரிந்தே வேலை வாங்கிய வீட்டில் வளர்ந்தவள் என்பதால் இதைச் சொல்கிறேன். பெயரோடு கதவும் திறக்க வேண்டும். ஒரு காலத்தில் கட்டில் விரித்தவரைத் தவிர வேறு எந்தக் கறுப்பினப் பெண்ணையும் தங்கவிடாத விடுதிகளில் இன்று கறுப்பின மாணவிகள் தங்கிப் படிக்கிறார்கள். இந்தப் பெயர்களைத் தேடி எடுக்கும் வேலையில் மாணவிகளின் பங்கு இருந்தது. அதனால்தான் அந்தக் கற்களுக்கு மதிப்பு.

நமக்கு அது எதைக் குறிக்கும்? ஊரில் நம் பழைய பள்ளிக்கூடங்களுக்கு ஆண்டுதோறும் பணம் அனுப்புகிறோம். புதுக் கட்டடம், புது மேடை, நன்கொடையாளர் பெயர் பொறித்த கல். அந்தப் பணம் அனுப்பும்போது ஒரு கேள்வியையும் சேர்த்து அனுப்பலாம்: பின்படலையால் வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் அங்கே படிக்கிறார்களா, எந்த வாங்கில் இருக்கிறார்கள்? இங்கே நம் பெற்றோரைப் பராமரிக்க வரும் பிலிப்பினோப் பெண்ணிடமும் கேட்கலாம்: உங்கள் பிள்ளைகள் எங்கே, யார் பார்க்கிறார்கள், நீங்கள் விட்ட படிப்பு எது? இந்தக் கேள்விகளைக் கேட்க நமக்குக் கூச்சமாக இருக்கிறது. விடை தெரிந்தால் ஏதாவது செய்ய வேண்டிவரும் என்பதால் வரும் கூச்சம் அது.

அன்று முற்றத்தைவிட்டு வெளியே வரும்போது ஒன்றைக் கவனித்தேன். ஒக்ரோபர் கடைசி, வெளியே மரங்களெல்லாம் இலை கொட்டிக்கொண்டிருந்தன. நடைபாதையில் ஒரு சருகு இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை, நாங்கள் வருவதற்கு முன், யாரோ கூட்டியிருந்தார்கள்.

மாலையில் பெறாமகளின் வீட்டில் சாப்பிட்டோம். நான்கு பிள்ளைகள் சேர்ந்து வாடகைக்கு எடுத்த வீடு. குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. ஏழு நாள்கள், நான்கு பெயர்கள். சாப்பிட்டு முடிந்ததும் பழக்கத்தில் எல்லாருடைய கோப்பைகளையும் அடுக்கிக்கொண்டு எழும்பினேன். பிள்ளைகளுக்கு மறுநாள் பரீட்சை இருந்தது.

“நீ போய்ப் படி,” என்றேன்.

அவள் கோப்பைகளை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். “விடுங்கோ பெரியம்மா. இண்டைக்கு என்ர முறை.”

நான் கதிரையில் இருந்தேன். தண்ணீர் விழும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. எழும்பாமல் இருப்பது எனக்கு அவ்வளவு சுலபமாக இருக்கவில்லை.